விடு

நங்கூரம் தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டபோது தீவு இன்னும் அரை மைல் தள்ளி இருந்தது.

கயிறு சரசரவென்று ஓடியது. அடியில் ஏதோ பாறையில் நங்கூரம் மாட்டிக்கொள்ள, பாய் புடைக்கப் போய்க்கொண்டிருந்த படகு ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. பாயின் அடிக்கழி என் மனைவியின் தலைக்கு ஒரு சாண் மேலே வீசிக்கொண்டு போனது. சட்டென்று குனிந்ததால் தப்பித்தாள்.

படகின் முன்முனையில் மச்சான் வெறுங்கையோடு நின்றிருந்தார்.

மச்சான், என் மனைவியின் அண்ணன். தையற்காரர். அவர் மனைவி பிரிந்து போனதிலிருந்து ஏழு மாதமாக எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாலு தீவு சுற்றி வந்தால் மனுஷன் கொஞ்சம் தேறுவார் என்று கூட்டி வந்தது என் மனைவிதான். அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று நானும் பெரிதாகத் தலையாட்டியிருந்தேன்.

படகில் அவருக்கு ஒரே ஒரு வேலை. ஒவ்வொரு தீவிலும் நான் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிறுத்த இடம் பார்ப்பேன். நான் "விடு" என்றதும் அவர் நங்கூரத்தைத் தண்ணீரில் விட வேண்டும்.

வயதில் மூத்தவர், "விடுங்க" என்றுதான் முதலில் சொன்னேன். அந்த மரியாதையை நீட்டி முழக்கி முடிப்பதற்குள் படகு தாண்டிப் போய்விடுகிறது, "விடு" போதும் என்று அவரேதான் குறைத்தார்.

நேற்று ஒரு கணம் தாமதித்துவிட்டார். நான் கத்திவிட்டேன். அதனால் இன்று மத்தியானத்திலிருந்தே நங்கூரத்தை மடியில் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அறிவிருக்கா மச்சான்? நடுக்கடல்ல யாராவது நங்கூரம் போடுவாங்களா?"

"நீங்கதானே மாப்பிள்ளை விடுன்னீங்க."

நான் எங்கே சொன்னேன்? அபாண்டம். சாட்சிக்கு மனைவியைப் பார்த்தேன்.

"சொன்னீங்க," என்றாள். "என்கிட்ட."

ஆமாம், சொல்லியிருந்தேன். பேச்சை முடிப்பதற்காக அவளிடம்தான், "சரி, விடு" என்று சொல்லியிருந்தேன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மச்சானும் சிரித்தார். ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைத்தது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றை இழுக்க ஆரம்பித்தார்.

பாறையில் மாட்டியது லேசில் வரவில்லை. ஊசி பிடித்துப் பழகிய கை அது. நாலு இழுப்புக்கு ஒரு தடவை உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு கை கொடுக்கலாம் என்று எழுந்தேன்.

மனைவி என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் சிரித்திருக்கவே இல்லை.

"அண்ணனுக்குக் கேட்டிருக்கு," என்றாள்.

அதுதான் தெரிந்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மத்தியானத்திலிருந்து காற்று எங்கள் முதுகுப் பக்கம்தான். பின்னால் பேசுகிற பேச்சையெல்லாம் அள்ளிக்கொண்டு முன்னால்தான் போகும்.

அரை மணி நேரமாக நான் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இன்னும் எத்தனை நாள் இந்த மனுஷனைத் தலையில் கட்டிக்கொண்டு அழுவது என்று கேட்டேன். தண்டச்சோறு என்றேன். கட்டினவளே சகிக்காமல் போயிருக்கிறாள், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன் என்றேன். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் குரலை இறக்கினேன்.

நான் பேசியதிலேயே மிகவும் மெதுவாகச் சொன்னது அந்த "விடு"தான்.