தலைவருக்கு ஏற்ற மாப்பிள்ளை

“முப்பது வருஷம் கூடவே இருக்கணும். நடுவுல சலிச்சுப்போச்சுன்னு விட்டுட்டு ஓடக்கூடாது. முடியுமா?” என்று கேட்டார் ஃபெஸ்டஸ் நாஷாண்டி, குழம்பில் கிடந்த காலை எடுத்து உறிஞ்சியபடி.

யாஃபெட் எதிரே இருந்த அவர் மகள் நெலாவோவைப் பார்த்தான். “உயிர் இருக்கிற வரைக்கும் பாத்துக்குவேன் மாமா.”

“இவள யாருப்பா சொன்னா? நான் அவரைச் சொல்றேன்.”

அவர் கையிலிருந்த எலும்பு சுட்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே ஈரமண்ணில் பாதி புதைந்து, அகன்ற வாயோடு, உலகத்தையே வேண்டாம் என்று சொல்லும் முகத்தோடு ஒரு பச்சைத் தவளை. பெயர் தலைவர்.

தலைநகர் விண்ட்ஹூக்கில் பெரிய பதவியில் இருப்பவர் நாஷாண்டி. சின்ன வயதில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர், பட்டத்தோடு ஒரு புது நாக்கையும் வாங்கிக்கொண்டு வந்தார். ‘தவளை வளர்க்கத் தகுதி உள்ளவரா நீங்கள்?’ என்று வானொலியில் அவர் ஆற்றும் உரையைக் கேட்டு இதுவரை யாரும் தவளை வளர்க்கவில்லை. வானொலியை அணைத்தவர்கள் நிறைய.

அடுத்த மாதம் அவருக்குத் தூதரக வேலை. தலைவருக்கு விசா கிடையாது. அதனால் தலைவர் இருக்கப்போவது மகள் வீட்டில். எனவே தவளைக்கு லாயக்கானவன்தான் மகளுக்கும் லாயக்கு. ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகள் இந்த மேஜையில் தோற்றுப் போயிருந்தார்கள். அந்த இருவரும் அப்பா பார்த்தவர்கள். போனால் போகட்டும் என்றிருந்தாள் நெலாவோ. யாஃபெட் அவளே பார்த்தவன். அவன் போனால் அவளும் போய்விடுவாள் போலிருந்தது.

“அவரைத் தொடலாமா?” என்று சோதித்தார் நாஷாண்டி.

“கூடாது மாமா. நம்ம கைச்சூடு அவருக்கு ஆகாது.”

“கொஞ்ச மாட்டார். வாலாட்ட மாட்டார். ராத்திரியெல்லாம் மாடு மாதிரி கத்துவார். தாங்குவியா?”

“உங்க ரேடியோப் பேச்ச முழுசா கேட்டவன் மாமா. இதைத் தாங்க மாட்டேனா?”

மேஜைக்கடியில் நெலாவோ அவன் காலை மிதித்தாள். நாஷாண்டி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

“அவர் மனசு எல்லாருக்கும் புரியாது. இப்பப் பாரு, இளைச்சு, வெளுத்து, என்னையே யாரோ மாதிரி பாக்கறார். நேத்து விரலைக் கடிச்சுட்டார். வருஷா வருஷம் இப்படித்தான். என் பொண்டாட்டியோட தம்பி வடக்கேருந்து வாளியும் மூட்டையுமா வந்துட்டுப் போனாலே அவருக்கு உடம்பு பாதியாயிடும். நாகரிகம் இல்லாத ஆளுங்கள அவருக்குப் பிடிக்காது.”

அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி ருசாலியா லேசாக இருமினாள்.

யாஃபெட்டின் பார்வை தொட்டியிலிருந்து வாசலுக்குப் போய், அவர் தட்டில் வந்து நின்றது. அவன் முன்னால் தட்டு இல்லை. தேறாதவனுக்குச் சாப்பாடு போடுவது அந்த வீட்டு வழக்கம் இல்லை.

“மருந்துக்கடை வேலையெல்லாம் எப்படிப் போகுது?” என்று நாஷாண்டி குரலைத் தளர்த்தினார். “ஊர்ல அம்மா சௌக்கியமா? ஒண்டாங்வா பக்கம் மூணாவது மழை பெஞ்சாச்சா?”

“போன செவ்வாக்கிழமை மாமா! அம்மா போன்ல...”

நெலாவோ கண்ணை மூடிக்கொண்டாள். மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவள், இதை மட்டும் மறந்திருந்தாள்.

வடக்கில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. மூன்றாவது மழைக்கு முன்னால் தவளையைத் தின்றால் விஷம், சிறுநீர் கட்டிக்கொள்ளும். மூன்றாவது மழை பெய்துவிட்டால் கம்பங்களியும் தவளைக் குழம்பும்தான் ஊரெல்லாம். மழையை எண்ணுகிறவன் சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டுதான் எண்ணுகிறான் என்பது நாஷாண்டியின் கண்டுபிடிப்பு. முந்திய இருவரும் விழுந்தது இதே குழியில்தான்.

“மாட்டினியா! எத்தனை தின்னிருப்ப? உண்மையைச் சொல்லு.”

“சின்ன வயசுலேருந்து சாப்பிடுறதுதான் மாமா,” என்றான் யாஃபெட். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. “அதுக்காகத் தலைவரைப் போய்...”

“பேசாத! வெளிநாட்டுக்காரன் இதுக்குப் பேர் வச்சு, மெத்தை போட்டு வளக்கறான். நம்ம ஆளு உப்புப் போட்டு வேக வைக்கறான். நாடு எங்க உருப்படும்?” இன்னும் கையில் இருந்த காலை ஆட்டி ஆட்டிப் பேசினார். “பன்னெண்டு வருஷமா தலைவரைப் பொத்திப் பொத்தி வளத்த வீடு இது. தவளை தின்னவன் எவனும் இந்த மேஜையில உக்காரக் கூடாது. எந்திரி!”

யாஃபெட் எழுந்தான். நெலாவோவும் எழுந்தாள்.

ருசாலியா ஒரு தட்டோடு வந்தாள். களியை வைத்து, குழம்பை ஊற்றி, யாஃபெட் முன்னால் நகர்த்தினாள். “நீங்க உக்காருங்க மாப்பிள்ள.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “எந்திரிக்க வேண்டியது நீங்க.”

“நானா? என் வாயில தவளை பட்டதுண்டா? மழைக்காலம் வந்தா உன் கையால இந்தக் கோழிக் குழம்பு. அதுவும் வருஷத்துக்கு ஒரு தடவை. அதைத் தவிர...”

அவர் நிறுத்தினார். தொட்டியைப் பார்த்தார். உள்ளே இருந்தது அவரை யாரோ மாதிரி பார்த்தது.

ருசாலியா அவர் கையிலிருந்த எலும்பைக் காட்டினாள்.

“அது போன வருஷத் தலைவரோட காலுங்க.”