நோன்புப் பகலில் இரண்டு தட்டுகள்

காசநோய் மாத்திரை ஷவ்கியின் பார்வையை மங்கச் செய்திருந்தது. மருத்துவர் அதை நிறுத்திவிட்டார். பார்வை மெல்லத் திரும்பும், ஆனால் மற்ற மருந்துகளையும் உணவையும் ஒரு வேளைகூட விடலாகாது என்றார்.

ரமலான் பிறந்ததும் ஷவ்கி பிடிவாதம் பிடித்தார். "நீ நோன்பிருக்க, நான் மட்டும் திங்கணுமா? நீ சாப்பிட்டாத்தான் நானும் சாப்பிடுவேன்."

அன்றிலிருந்து அவர் மனைவி இன்ஸாஃப் நண்பகலில் எதிரே அமர்ந்தாள். இரண்டு தட்டுகளிலும் கரண்டிச் சத்தம் எழுந்தது.

பக்கத்து வீட்டு உம்மு ஹிஷாம் சன்னல் வழியே கத்தினாள். "ஏடி, நோயாளி அவருதானே? ஏழு நாள்னா பொம்பளைகளுக்கு உள்ள மாதவிலக்குன்னு நினைப்பேன். பதினஞ்சு நாளாவா? மன்ஸூரா ஊரு முழுக்கக் கேக்குது உன் கரண்டி!"

"நல்லாக் கேக்கட்டும் அக்கா! அல்லாஹ்வுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். உங்களுக்கு ஏன் வயித்தெரிச்சல்?"

அந்தச் சன்னல் படாரெனச் சாத்தப்பட்டது. இன்ஸாஃப் இன்னும் பலமாகக் கரண்டியைத் தட்டினாள்.

இருபத்திரண்டாம் நோன்பன்று ஷவ்கி பாதியில் நிறுத்தினார்.

"ஏன், கீரையில உப்பு பத்தலையா?"

"உப்பு சரிதான்." அவர் கை நீட்டி அவள் தட்டின் நடுவைத் தொட்டார். "இந்த நீலப் பூ முழுசாத் தெரியுது, இன்ஸாஃப். இத்தனை நாளா வெறும் தட்டையா தட்டிக்கிட்டிருந்தே?"