ஆறு வரி, ஒன்பது டேக்

ஆறே வரி. அதைக்கூட மனப்பாடம் பண்ணாமல் வந்திருக்கிறாரே இந்த மனுஷர் என்று சுகிர்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டி.வி.யில் வரப்போகும் ஒரு காமெடித் தொடருக்கு அவள் உதவி இயக்குநர். ஒரு கம்பெனி கபடி டீமும் அதன் கோச்சும் அடிக்கும் கூத்துதான் கதை. ஊரையே சிரிக்கவைக்கும் கோச், படபடப்பு வந்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். கோச்சாக நடிப்பவர் ஸம்பத்குமார். முப்பது வருஷ மேடை அனுபவம் என்று பேர்.

தேர்வாய் கண்டிகை மைதானத்தில் ஷூட்டிங். ரெண்டு மணிக்குள் காலி பண்ண வேண்டும். தாமதமானால் திட்டு விழப்போவது சுகிர்தாவுக்கு.

டீமாக நடிக்க, பக்கத்துக் கம்பெனிகளில் நிஜமாகவே கபடி ஆடும் ஏழு பேரைப் பிடித்து வந்திருந்தார்கள். சீன் இதுதான்: தோற்ற மேட்ச்சுக்கு அப்புறம், கோச் ஒரு பிளேயர் பக்கத்தில் உட்கார்ந்து, "மனசுல இன்னாடா கீது, சொல்லு" என்பார். பிளேயர் ஒன்றுமில்லை என்று தலையாட்ட வேண்டும். கோச் உடனே, "ரைடு போனவன் திரும்பி வந்தாதாண்டா பாயிண்ட்டு" என்று தொடங்கி ஆறு வரி பேசுவார்.

பிளேயராக உட்கார்ந்தவன் அன்புராஜ். கதவு அகலத்துக்குத் தோள்.

முதல் டேக்.

"மனசுல இன்னாடா கீது, சொல்லு."

"தூக்கம் வர்ல சார்" என்றான் அன்புராஜ். "மூணு மாசமா."

யூனிட்டே சிரித்தது. லைட்மேன் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்புராஜின் முகம் சுருங்கிப்போயிற்று.

"தம்பி, உனக்கு டயலாக் கிடையாது. தலையை மட்டும் ஆட்டு" என்றார் டைரக்டர்.

"சாரி சார். கேட்டாரு, வந்துட்சி."

ஸம்பத்குமார் அவன் பக்கம் குனிந்தார். "உடம்புக்கு ஏதாவதாப்பா?"

"ஒண்ணும் இல்ல சார். நல்லாத்தான் கீறேன்."

ரெண்டாவது டேக். அன்புராஜ் ஒழுங்காகத் தலையாட்டினான். ஆனால் வாய் அதுபாட்டுக்கு முணுமுணுத்தது.

"பைனல்ல லாஸ்ட் ரைடு நாந்தான் சார். கோட்டை மிதிச்சிட்டேன். கப்பு போயிட்சி."

காதைச் சாய்த்துக் கேட்ட ஸம்பத்குமார் நிமிர்ந்து, "ரைஸ் போட்டவன் திரும்பி வந்தாதாண்டா பாயசம்" என்றார்.

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை எல்லாரும் சிரித்தது ஸம்பத்குமாரைப் பார்த்து.

"அந்தத் தம்பி முனகுறது டப்பிங்ல போயிடும் சார். உங்க டயலாக்தான் முக்கியம். ஒன் மோர்" என்றார் டைரக்டர்.

மூணாவது டேக்.

"கம்பெனில எனக்குப் பேரே 'கோடு'தான் சார். கேன்டீன்காரரே, 'கோடு, சாம்பார் ஊத்தவா'ங்கிறாரு."

"ரயில்ல போனவன் திரும்பி வந்தாதாண்டா ரிட்டர்ன் டிக்கெட்டு" என்றார் ஸம்பத்குமார்.

"ஒன் மோர்."

"எல்லாம் சிரிச்சிக்கினுதான் கூப்புடுறாங்க சார். நானும் சிரிச்சிக்கினேதான் போறேன். ஊட்டுக்குப் போய்ப் படுத்தா மாரு படபடன்னு அடிச்சிக்குது."

ஸம்பத்குமாருக்குத் தும்மல் வந்துவிட்டது. நாலு தும்மல்.

அஞ்சாவது டேக்கில், "அடுத்த வரி இன்னாம்மா?" என்று சுகிர்தாவிடமே கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆறு வரியையும் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். "கண்ணாடி கொண்டு வரலையே" என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிரியாணி வந்து இறங்கி, ஆறவும் ஆரம்பித்துவிட்டது. டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். இந்த ஆளை யார் சிபாரிசு பண்ணினார்கள் என்று சுகிர்தா மனசுக்குள் தேடினாள்.

எட்டாவது டேக்கில் அன்புராஜ் அழுதேவிட்டான்.

"பொண்டாட்டிகிட்டகூட சொன்னது இல்ல சார். இன்னிக்கிப் போய் சொல்லிடறேன்." ஜெர்சியைத் தூக்கி மூக்கைத் துடைத்தான். "அவ்ளோதான் சார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

ஒன்பதாவது டேக். அன்புராஜ் தலையாட்டினான், வாய் திறக்கவில்லை. ஸம்பத்குமார் ஆறு வரியையும் ஒரே மூச்சில், ஒரு எழுத்து பிசகாமல் பேசி முடித்தார். டைரக்டர் சத்தமாகக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

சாப்பாட்டு நேரத்தில் சுகிர்தா பேப்பர்களோடு போய் நின்றாள். ஸம்பத்குமார் நாற்காலியில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இங்கேருந்து கிளம்பிப் போய் எடுக்கிற அடுத்த சீன் நாலு பக்கம். தயவு பண்ணி இப்பவே ஒருவாட்டி படிச்சிடுங்க. காலைல பட்ட பாடு போதும்."

அவர் பேப்பரை வாங்கவில்லை. நாலு பக்கத்தையும் அப்படியே கடகடவென்று ஒப்பித்தார். கோச் பேசுவது, டீம் பேசுவது, நடுவில் 'இங்கே கோச்சுக்கு விக்கல்' என்று அவள் எழுதியிருந்த குறிப்பு உட்பட.

சுகிர்தா பேப்பர்களை மடித்து வைத்தாள்.

"அப்போ காலைல எதுக்கு சார் அப்படி?"

தூரத்தில் அன்புராஜ் ரெண்டாவது தட்டு பிரியாணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். ஸம்பத்குமார் அவனைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஷாட் ஓகே ஆயிட்டா அவன் எழுந்து போயிடுவாம்மா. ஒன் மோர்னாதானே திரும்ப வந்து பக்கத்துல உக்காருவான்."