வாத்துக் குரல் சம்பந்தி

“வாத்தாட்டம் கத்துற மனுசன் வீட்டுக்கெல்லாம் நான் பொண்ணு குடுக்க மாட்டேன்” என்று ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் போட்டார் ஆண்டியப்பன்.

“பூ வைக்க வந்தப்ப நல்லாத்தானங்க பேசுனாரு?” என்றாள் மனைவி அமுதவல்லி.

நேரில் நல்ல குரல்தான். மீமிசலில் ஐஸ் பேக்டரி வைத்திருக்கும், மாப்பிள்ளை பிரசாந்தின் அப்பா அருள்மணி பேசினால் கணீரென்றிருக்கும். ரேடியோவில் வரும்போதுதான் அது வாத்தாகிவிடும்.

இருவருமே லைசென்ஸ் வாங்கி, வீட்டில் செட் வைத்துப் பொழுதுபோக்காகப் பேசுகிற அமெச்சூர் ரேடியோக்காரர்கள். அறந்தாங்கியில் இவரும் மீமிசலில் அவருமாகக் காற்றிலேயே பழகி, காற்றிலேயே சம்பந்தம் பேசியவர்கள். சட்டைப்பையில் செல்போன் கிடந்தாலும் முக்கியமான பேச்சு ரேடியோவில்தான்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு செட்டில் ஒன்றின் அலைவரிசை கொஞ்சம் விலகியிருந்தாலும், ஒருவருக்கு மற்றவர் குரல் கீச்சென்று கேட்கும், அவருக்கு இவர் குரல் உறுமலாகக் கேட்கும். ஆண்டியப்பனுக்கு அருள்மணி வாத்து. அருள்மணிக்கு ஆண்டியப்பன் கரடி.

கேட்கிற குரலைச் சீர்படுத்த இருவர் செட்டிலும் முன்பக்கம் ஒரு குமிழ் இருக்கிறது. லேசாகத் திருகினால் தீர்ந்தது வேலை. ஆனால் திருகினால் தப்பு நம் செட்டில்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. “அவரு செட்டைச் சரி பண்ணட்டும், அப்புறம் தேதி குறிப்போம்” என்று இவர் சொல்ல, அவரும் அங்கே அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் கலைமதி வந்து நின்றாள். அழுதிருந்தாள்.

“அப்பா, பிரசாந்துக்கு அடுத்த மாசத்தோட லீவு முடியுது. குவைத்துக்குப் போயிட்டா இனி எப்ப வருவாங்களோ. பத்து மெகாஹெர்ட்ஸ்ல டைம் சொல்ற ஸ்டேஷன் ஒண்ணு இருக்குல்ல, அதோட வச்சுத்தான் பாருங்களேன். யாரு செட்டு தப்புன்னு தெரிஞ்சிரும்.”

ஆண்டியப்பன் வைத்துப் பார்த்தார். செட்டுகளைச் சரிபார்க்க அதைவிட நம்பகமான அலைவரிசை கிடையாது. டயலைத் திருகத் திருக ஸ்பீக்கரில் விசில் சத்தம் இறங்கிக்கொண்டே வரும். டயல் பத்தைக் காட்டும்போது அது அடங்கினால் செட் சரி, முன்னே பின்னே அடங்கினால் தப்பு.

காலையிலிருந்து மதியம் வரை வீடெங்கும் விசில். ஒவ்வொரு முறையும் அது சரியாகப் பத்தில் வந்து அடங்கியது. ஆண்டியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தியா? எஞ்செட்டு சரி. தப்பு அங்கிட்டுத்தான்.”

கலைமதி சிரிக்கவில்லை. “இதை அவருகிட்டயும் சொல்லுவீங்க. அவரு கோவிச்சுக்குவாரு. அம்புட்டுத்தான், எங்கல்யாணம்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“சம்பந்தியம்மா போன் பண்ணாங்க” என்றபடி அமுதவல்லி காபியை வைத்தாள். “அவங்க வீட்டுலயும் இன்னைக்கு ஒரே விசில் சத்தமாம். பாவம், தலைவலின்னு படுத்துட்டாங்களாம்.”

அதை ஆண்டியப்பன் காதில் வாங்கவில்லை. அவர் காது முழுக்க அறைக்குள்ளிருந்து வந்த விசும்பல்தான். பெண் அழுவதை அவரால் தாங்க முடியாது. காபி ஆறிப்போனது.

கடைசியில் எழுந்துபோய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தார். செட்டின் மூடியைக் கழற்றினார். எவ்வளவு நகர்த்தினால் வாத்து மனிதனாகும் என்பது அவருக்குத் தெரியும். யாரும் பார்க்காதபோது அந்த முன்பக்கக் குமிழை அவர் ஒருநாள் திருகிப் பார்த்திருக்கிறார்.

குமிழ் கேட்கிற குரலை மட்டும்தான் மாற்றும். கேட்பது, பேசுவது இரண்டையுமே மாற்றுகிற சின்னத் திருகு உள்ளே இருந்தது; அதை அந்த அளவுக்கு நகர்த்தினார். குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்ட செட்டைத் தன் கையாலேயே தப்பாக்கும்போது அவருக்கு அழுகை வந்தது. வந்தால் என்ன, மகளை விடவா ஒரு செட்?

சாயங்காலம் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மைக்கை எடுத்தார்.

“சம்பந்தி, ஆண்டியப்பன் பேசுறேன். கேக்குதுங்களா?”

“நல்லாக் கேக்குது சம்பந்தி” என்று ஸ்பீக்கரில் ஒரு கரடி உறுமியது.

ஆண்டியப்பன் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். கரடி பேசிக்கொண்டே போனது.

“நீங்க சொன்னதுதான் சரி. பத்து மெகாஹெர்ட்ஸ்ல வச்சுப் பாத்தேன், எஞ்செட்டுத்தான் விலகியிருக்கு. சின்னப்புள்ளைங்க வாழ்க்கையில நமக்கு என்னங்க வீம்பு? மதியமே மூடியைக் கழட்டிச் சரி பண்ணிட்டேன். நாளைக்கே வாரோம், தேதி குறிச்சிருவோம்.”

கலைமதி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆண்டியப்பன் மேசை மேல் கிடந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரொம்ப சந்தோசம் சம்பந்தி” என்றார் ஒருவழியாக.

பிறகு கரடி தயங்கித் தயங்கிக் கேட்டது.

“அது சரி சம்பந்தி, நீங்க ஏன் இப்ப வாத்தாட்டம் பேசுறீங்க?”