பிடுங்காத கேபிள்

"பிடுங்குப்பா!" என்றார் சிவசங்கரன்.

பிரவீணன் அசையவில்லை.

அரபு நாட்டுச் சலாலாவில் ஒரு கம்பெனியின் சர்வர் ரூம். இரண்டு ஸ்விட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டு, இரண்டையும் ஒரே லிங்க்காகச் சேர்த்திருந்தான் பிரவீணன். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும். தாங்குமா என்று பார்க்க ஒன்றைப் பிடுங்கினால் போதும். இதற்குப் போய் இத்தனை தயக்கமா?

"பத்து நிமிஷம் பொறுங்கோ சேர்."

"கான்ஃபிக் சரியா பண்ணினியா இல்லையா?"

"சரியாத்தான் செய்தனான்."

"அப்புறம் என்ன பயம்?"

பிரவீணன் தன் போனைப் பார்த்தான். கம்பெனி மேனேஜர் ஃபாரூக் வாட்சைப் பார்த்தார். "யல்லா பாய், ஜல்தி!"

சிவசங்கரனுக்கு மானம் போயிற்று. யாழ்ப்பாணத்து ஆள், கெட்டிக்காரன் என்று பிரவீணனை வேலைக்கு எடுத்தவரே அவர்தான். இன்றோடு அவனுக்கு புரொபேஷன் முடிகிறது. அவர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட்.

அவரே கேபிளுக்குக் கை நீட்டினார். பிரவீணன் குறுக்கே வந்து நின்றான்.

"வேலை தெரியலைன்னு எழுதிடுவேன், பாத்துக்க!"

"எழுதுங்கோ சேர்."

எவ்வளவு திமிர்!

சிறிது நேரத்தில் பிரவீணனின் போனில் ஒரு மெசேஜ் வந்தது. பார்த்தான். சட்டென்று ஒரு கேபிளைப் பிடுங்கினான்.

நெட் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஃபாரூக், "அச்சா, கலாஸ்" என்று, வேலை முடிந்த திருப்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிவசங்கரனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒழுங்காத்தானே இருக்கு? அப்புறம் எதுக்குய்யா என்னை அவமானப்படுத்தினே?" என்று பேனாவைத் திறந்து, புரொபேஷன் தாளில் 'நம்பி வேலை கொடுக்க முடியாது' என்று எழுதினார்.

கதவு மெல்லத் திறந்தது. அந்த ஆபீசில் டீ போடும் நீலா. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஃபாரூக் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

"மெசேஜ் போட்டனே தம்பி, அம்மாவை எடுத்திட்டினம். செத்தவீட்டுக்குப் போக லீவு தரேல்லை. டூட்டியிலை இஞ்சத்தை நெட்டிலை செத்தவீட்டை போனிலை பாத்தது தெரிஞ்சா மேனேஜர் என்னை அனுப்பிப்போடுவார். நீங்கள் அவருக்கு ஒண்டும் சொல்லேல்லை."

பிரவீணன் தலையைக் குனிந்துகொண்டான். "கான்ஃபிக்கிலை எனக்குச் சந்தேகம் இல்லை அக்கா. ஆனா ஒரு செக்கனும் படம் நிக்கக்கூடாதெண்டு நினைச்சன்."

"நிக்கேல்லை தம்பி. பெட்டி மூடுற வரைக்கும் அம்மான்ரை முகத்தைப் பாத்தன்."

சிவசங்கரன் எழுதியதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.