இருட்டில் வைத்த போத்தல்

லெனாட் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச மேடையேறிய நேரம், அவனுடைய இரசாயனவியல் பேராசிரியர் கேதீஸ்வரி எழுந்து நின்றார்.

"மன்னிக்க வேணும். எனக்குத் தலை சுத்துது. இதை இன்னொரு நாளைக்கு வைப்பம்."

கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"பொடியன் பேர் எடுக்கப் போறான் எண்டவுடனை மனுசிக்குத் தலைச்சுத்து வந்திட்டுது," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

லெனாட்டுக்கு முகம் சிவந்தது. குருநகரிலிருந்து அம்மா வேறு வந்திருந்தா.

கூட்டம் கலைந்ததும் நேரே ஆய்வுகூடத்துக்குப் போனான். கேதீஸ்வரி அங்கே நின்றார்.

"தலைச்சுத்து மாறிட்டுதோ, மிஸ்?"

அவர் கோபிக்கவில்லை. "கதவைச் சாத்திப்போட்டு வாரும்."

மேசையில் இரண்டு போத்தல்கள். இரண்டிலும் நீலச் சாயத் தண்ணீரில் லெனாட் உருவாக்கிய மிக நுண்ணிய நனோத் தூளைப் போட்டு அன்று விடியவே வைத்திருந்தார். ஒன்று விளக்கின் கீழ். மற்றது கறுப்புத் தாள் சுற்றியபடி.

விளக்கின் கீழிருந்த தண்ணீர் தெளிந்திருந்தது. வெளிச்சம் பட்டால் தூள் சாயத்தை அழித்துவிடும் என்பதுதான் அவனுடைய கண்டுபிடிப்பே.

கேதீஸ்வரி கறுப்புத் தாளை விலக்கினார். அதுவும் தெளிந்திருந்தது.

"இருட்டிலையும் சாயம் போகுது. வெளிச்சம் ஒண்டும் செய்யேல்லை, சாயம் தூளிலை ஒட்டுது, அவ்வளவுதான். நீர் இருட்டிலை வைச்சுப் பாத்தனீரோ?"

"இல்லை, மிஸ்."

"நானும் முந்தியே கேட்டிருக்க வேணும். கூட்டத்துக்கு வெளிக்கிடேக்கைதான் தாளை விலக்கிப் பாத்தன். உமக்குச் சொல்ல நேரமில்லை. கொழும்புப் பேராசிரியர்மார் முதல் கேள்வியே இதைத்தான் கேட்டிருப்பினம்."

அத்தனை பேருக்கு முன்னால் பதிலில்லாமல் நிற்பதை லெனாட் நினைத்துப் பார்த்தான். கதிரையில் அமர்ந்து மூச்சை விட்டான்.

"அப்ப எல்லாம் போச்சோ, மிஸ்?"

"ஏன் போகுது? வெளிச்சம் இல்லாமலே தண்ணியைத் தெளிய வைக்குது. மாரிகால இருட்டிலையும் வேலை செய்யும். அதை எழுதும்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது.

கதவு தட்டும் சத்தம். அவன் அம்மா அருமைநாயகி, கையில் சோடாவோடு நின்றா.

"இதைக் குடியுங்கோ, மிஸ். தலைச்சுத்துக்கு நல்லது." பிறகு குரலைத் தாழ்த்தினா. "இவன் ஏதும் பிழை விட்டிட்டானோ?"

லெனாட் வாயைத் திறந்தான். கேதீஸ்வரி முந்திக்கொண்டார்.

"சீச்சீ, அவரிலை என்ன பிழை? நான்தான் விடியச் சாப்பிடாமல் வந்திட்டன், அம்மா," என்று சோடாவை வாங்கிக் குடித்தார்.