பார்த்ததைச் சொன்னவன்

“பார்த்ததை மட்டும் சொல்லு பகலவா. கிரேன் ஓட்டும்போது ஜெயவேல் போன் பேசினானா, இல்லியா?” மேனேஜர் ஞானதுரை கேட்டார்.

சாத்தாங்காடு இரும்புக் கிடங்கின் ஆபீஸ் அறை. எதிரே ஜெயவேல் கைகட்டி நின்றிருந்தான். பன்னிரண்டு வருஷமாக ஒரே டிபன் பாக்ஸில் கைபோட்டுச் சாப்பிட்ட சிநேகிதன். சூப்பர்வைசர் பகலவன் அவன் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னான்.

“பேசிகினுதான் சார் இருந்தான். ஒரு கைல லீவரு, ஒரு கைல போனு. கீழ நின்னு என் கண்ணால பார்த்தேன்.”

“தகட்டுக் கட்டு அப்பதான் சரிஞ்சுதா?”

“ஆமா சார். கீழ நின்ன ஹெல்பர் ரோஷன் காலு மேல.”

ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஆனாலும் பகலவனுக்கு அங்கே நிற்கக் கூசியது.

ஞானதுரை ஜெயவேலிடம் திரும்பினார். “ரோஷனுக்குப் பாதத்தையே எடுத்துட்டாங்க. அந்த நேரத்துல அப்படி யாருடா போன்ல?”

ஜெயவேல் கொஞ்சம் தயங்கினான். “வூட்லேர்ந்து சார். சம்சாரம்.”

“நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்.”

பகலவனும் ஜெயவேலின் பின்னாலேயே வெளியே வந்தான். கேட்டருகே ஜெயவேலின் மனைவி அன்புக்கரசி காத்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் கொதித்துப்போனாள்.

“நானா போன் பண்ணேன்? அன்னிக்கு ரேஷன் கடையாண்ட நின்னுகினு இருந்தேன். போனு வூட்டுலயே கெடந்துச்சு. இன்னாத்துக்குய்யா இந்தப் பொய்யி?”

அவள் பகலவன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீ அங்கதானே இருந்தே? யாரு பேசுனதுன்னு உனுக்காவது தெரியுமா?”

பகலவன் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினான்.

“வுடு அன்பு. போறது ஒருத்தன் வேலையோட போவட்டும்” என்றான் ஜெயவேல். “வா, ரோஷனை ஆஸ்பத்திரில பாத்துட்டு வூட்டுக்குப் போலாம்.” பிறகு பகலவனின் தோளைத் தொட்டான். “வரேன் மாமு.”

நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.

அவர்கள் பஸ் ஏறிப் போகும்வரை பகலவன் தலையை நிமிர்த்தவில்லை. அவன் பார்த்தது அத்தனையும் நிஜம்தான். “லாரி நிக்குது, சீக்கிரம் எறக்கு மாமு” என்று கீழே நின்றபடி போனில் ஜெயவேலை விரட்டிக்கொண்டிருந்ததே அவன்தான்.